பெட்டியக்கா பட்ட கடன்

நாடாளுமன்றத்துக்குள் போய் "பெட்டியக்கா எங்கே?" என்று யாரைக் கேட்டாலும், வாசல் காவலர் முதல் மந்திரிவரை எல்லாரும் மேல் மாடத்தைத்தான் கைகாட்டுவார்கள். அங்கே அவைக்கூடத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு மேசை விளக்கு. இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைக்கத்தான் இடம். அந்தப் பெட்டிக்குள்தான் அவளுடைய இருபதுகளும் முப்பதுகளும் போயின. நாற்பதுகளிலும் பாதி போய்விட்டது.

அந்த நாட்டில் மொழி இரண்டு. மலைப்பக்கத்தார் பேசுவது மலைமொழி, கடலோரத்தார் பேசுவது கரைமொழி. உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு ஒன்று தெரியும், மறுபாதிக்கு மற்றது தெரியும். இரண்டும் தெரிந்த சிலரும் தெரியாதவர்போல் நடிப்பார்கள். அப்போதுதானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடலாம். கரைமொழியில் ஒருவர் பேசப் பேச அதை மலைமொழியில் சொல்வது பெட்டியக்காவின் வேலை. மலைமொழிப் பேச்சைக் கரைமொழியில் சொல்வதற்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் இருப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அமைச்சர் என்ன சொல்கிறார் என்றால்" என்று இழுக்கக் கூடாது. ஆகவே பெட்டியக்கா காலையில் மீன்வளத்துறை அமைச்சராக இருந்து வாக்குறுதி கொடுப்பாள். மத்தியானம் மீனவர் தொகுதிக்காரராக மாறி அதே அமைச்சரைக் கிழி கிழியென்று கிழிப்பாள். வானொலியிலும் மலைப்பக்கம் முழுக்க அவள் குரல்தான். காய்கறிக் கடைக்காரர் அவள் வாயைத் திறந்ததுமே, "பெட்ரோல் விலைய ஏத்துனது நீங்கதானே?" என்று சண்டைக்கு வருவார்.

"நான் இல்லீங்க, மந்திரி."

"குரல் உங்களோடதுதானே?"

அவள் முள்ளங்கியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

இப்படி ஊரார் பேச்சையெல்லாம் தன் பேச்சாகப் பேசியவளுக்குச் சொந்தமாக ஒரே ஒரு சட்டம் இருந்தது: யாருக்கும் எதற்கும் கடன்படக் கூடாது. பணக்கடனைச் சொல்லவில்லை, அது பெரிய விஷயமா என்ன. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சூப் வந்தால் அன்று சாயங்காலமே அந்தக் கிண்ணம் எதையாவது நிரப்பிக்கொண்டு திரும்பிப் போய்விடும். அவள் இருப்பது தம்பி வீட்டில். தம்பி மனைவி ஒருநாள் அவள் துணியையும் சேர்த்துத் துவைத்துவிட்டால், மறுநாள் வீட்டு ஜன்னல் அத்தனையும் பளபளக்கும். தம்பி மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. நல்ல வாய்க்காரி.

"அண்ணி, உங்ககிட்ட பாசமா இருக்கவே பயமா இருக்கு. தலைவலிக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தேன், அதுக்குப் போய் பரணை ஒழிச்சு வெச்சிருக்கீங்க" என்று ஒருமுறை கத்தியே விட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பெட்டியக்கா சிறுமியாக இருந்தபோது அம்மா நோயில் போய்ச்சேர்ந்தாள், அப்பா அதற்கு முன்பே போயிருந்தார். சொந்தக்காரர்கள் முறைவைத்து இந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அதற்கப்புறம் எந்தப் பேச்சு முற்றினாலும், "நாங்க சோறு போட்டு வளர்த்தோமே" என்பது நடுவில் வந்து நின்றுவிடும். அன்றைக்கு வைராக்கியம் பிடித்தவள்தான். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் அவள் பிடிகொடுக்காமல் நழுவியதற்கும் இதுதான் காரணம். புருஷன் என்று ஒருவன் வந்தால் தினம் தினம் எதையாவது செய்துகொண்டே இருப்பானே, அவனுக்கு எதைக்கொண்டு ஈடுகட்டுவது?

இந்த லட்சணத்தில்தான் அந்த ஆண்டு பட்ஜெட் திருத்தம் அவைக்கு வந்தது. திருத்தம் வெகு எளிமையானது. நாடு எந்த ஆண்டிலும் வரவுக்குமேல் செலவு செய்யக் கூடாது. அதைச் சாதாரணச் சட்டமாக அல்ல, அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும், பின்னால் வருகிற எந்த அரசும் நினைத்தபடி மாற்ற முடியாதபடி. கொண்டுவந்தவர் நிதியமைச்சர், கரைமொழிக்காரர். எதிர்த்து நின்றவர் எதிர்க்கட்சித் தலைவி, மலைமொழிக்காரர். மூன்று நாள் விவாதம், முடிவில் வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக நீதிமன்றத்திலிருந்து ஒருவரை இரவல் வாங்கி உட்காரவைத்தார்கள். எல்லாரும் அவரைக் கோர்ட்டு சார் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தொட்டவர், மனைவியை இழந்து பல வருஷமானவர், முன்வழுக்கை, கணீர்க் குரல். கோர்ட்டில் திருடனுக்கும் சாட்சிக்கும் மொழிபெயர்த்துப் பழகிய ஆள்.

"எத்தனை கொலைய ஒத்துக்கிட்டிருக்கேன் தெரியுங்களா?" என்றார் முதல்நாள் காலையில். "ஒருதடவை 'நான்தான் குத்தினேன்'னு சொல்லிட்டு வெளிய வர்றேன், புதுசா வந்த போலீஸ்காரர் என் கையப் பிடிச்சிட்டார்."

பெட்டியக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெட்டிக்குள் அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

விவாதம் தொடங்கியது. நிதியமைச்சர் எழுந்து, "வருகிற ஆண்டுகளில் நாங்கள் எப்படி நடந்துகொள்வோம் என்று எங்களுக்கே நம்பிக்கை இல்லை. தேர்தல் வந்தால் கை நீளும். அதனால்தான் இப்போதே, புத்தி தெளிவாக இருக்கும்போதே, பணப்பெட்டியைப் பூட்டச் சொல்கிறேன். இன்று நாம் சாப்பிட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளைத் தட்டுக் கழுவச் சொல்வது நியாயமா?" என்றார். பெட்டியக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தான் உண்மையிலேயே நம்புகிற ஒன்றைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறாள். அமைச்சர் மேசையைத் தட்டாத இடத்தில்கூட அவள் குரல் தட்டியது.

அடுத்து எதிர்க்கட்சித் தலைவி எழுந்தார். கோர்ட்டு சாரின் கணீர்க் குரல் கரைமொழியில் முழங்கியது: "நான் மூன்று பிள்ளை பெற்றவள்! பிரசவ வலி பட்ஜெட் தேதி பார்த்தா வருகிறது? வெள்ளம் வந்த ஆண்டில் பாலத்தை யார் கட்டுவது? பூட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வீடு தீப்பற்றினால் திறக்கச் சாவி யார் கையில்?" மூன்று பிள்ளை பெற்ற அந்த முன்வழுக்கையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லவேளை, அப்போது அவள் மைக் அணைந்திருந்தது.

டீ இடைவேளையில் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"அதென்ன, சாவி சாவின்னு. சாவி இருந்தா அது பூட்டே இல்லையே" என்றாள் அவள்.

"அதை நான் சொல்லலைங்க, தலைவி சொன்னாங்க."

"நீங்க ரொம்ப ஆசையாச் சொன்னீங்க."

"நீங்க மட்டும்? அமைச்சரே அவ்வளவு கோபமாப் பேசலை."

டீக்குக் காசு அவர் கொடுத்தார். அடுத்த இடைவேளையில் அவள் முந்திக்கொண்டு கொடுத்தாள். அவர் ஒரு இருமல் மிட்டாய் நீட்டினார். அவள் பையைத் துழாவி ஒரு பெப்பர்மின்ட் நீட்டினாள். அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் பெட்டியக்காவின் குரல் போயிற்று. ஆசையாகப் பேசினால் அப்படித்தான். நிதியமைச்சர் பதிலுரைக்கு எழுந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு பெரிய விவாதத்தில் பாதி அவைக்கு ஒன்றும் புரியாமல் போகப்போகிறது, அதுவும் அவளால். அப்போது கோர்ட்டு சார் சத்தமில்லாமல் அவளுடைய மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மலைமொழி அவருக்குப் பேச வரும், தாய்மொழி இல்லை. ஆனாலும் அமைச்சர் பேசினால் இந்த மைக்கில் மலைமொழி, தலைவி பேசினால் அந்த மைக்கில் கரைமொழி என்று மாற்றி மாற்றி அன்று முழுவதும் அவரே பேசினார். பூட்டவேண்டும் என்று ஒரு வாயால் முழங்கிவிட்டு, மூச்சுவிடுவதற்குள் அதே வாயால் பூட்டக் கூடாது என்று முழங்கினார். தனக்குத்தானே குறுக்குக்கேள்வி போட்டுத் தானே திணறினார். நடுவில் ஒருமுறை "பற்றாக்குறை" என்பதற்கு மலைமொழிச் சொல் கிடைக்காமல் "காலிப்பானை" என்றுவிட்டார். மலைப்பக்கத்து உறுப்பினர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அதற்கப்புறம் "நாட்டின் காலிப்பானை" என்றே பேச ஆரம்பித்தார்கள்.

அவை கலைந்தபோது அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். இதற்கு எப்படி ஈடுசெய்வது? நாளையோடு விவாதம் முடிகிறது, அவர் கோர்ட்டுக்குத் திரும்பிவிடுவார். திருப்பிச் செய்ய நாளே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நுழைந்து, இருக்கிறதிலேயே நல்லதாக ஒரு கம்பளிக் கழுத்துத்துணி வாங்கினாள்.

தம்பி மனைவி அதை விரித்துப் பார்த்தாள். "ஆம்பளைங்க போடுறதாச்சே. யாருக்கு அண்ணி?"

அவள் சைகையால் சொன்னாள், கண்ணாடிப் பெட்டி, வழுக்கைத் தலை, மைக்.

"ஓ. கடனடைக்கவா? அதுக்கு ஏன் கடையில இவ்வளவு நேரம் நின்னு கலர் பாத்தீங்க?"

தொண்டை கட்டியிருந்ததால் பெட்டியக்காவுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடிந்தது.

மூன்றாம் நாள் வெந்நீரும் உப்பும் தயவு பண்ணிக் குரல் திரும்பியிருந்தது. அவள் முதல் வேலையாகப் பொட்டலத்தை நீட்டினாள். கோர்ட்டு சார் பிரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மறுபடி அழகாக மடித்து அவள் பக்கமே தள்ளினார்.

"ரொம்ப நல்லாயிருக்குங்க. ஆனா வேண்டாம்."

"ஏன்? நேத்து எனக்காக நீங்க..."

"நேத்து செஞ்சது கடனாவே இருக்கட்டும். இதை வாங்கிக்கிட்டா கணக்கு முடிஞ்சுபோச்சு. முடிஞ்சா அப்புறம் நீங்க எதுக்கு என்னை நினைக்கப்போறீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, அதற்கடியில் வேறு என்னவோவும் வந்தது. இந்த மனுஷன் போய்விட்டால் இந்தப் பெட்டி எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அழுகை முட்டியது. அதற்குள் மணி அடித்துவிட்டது, இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.

வாக்கெடுப்பு ஆரம்பமாயிற்று. அவைச் செயலாளர் கரைமொழியில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயருக்குரியவர் எழுந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு உட்காருவார். ஆம், ஆம், இல்லை, ஆம், இல்லை என்று பெட்டியக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று நாள் அலுப்பு வேறு. காதில் கரைமொழி விழுந்தால் வாயில் மலைமொழி வந்தது, அவள் யோசிக்கவே இல்லை.

நிதியமைச்சரின் முறை வந்தது. அவர் எழுந்த சூட்டில் ஆம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் மனிதர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய சொல்லைச் சொல்லப்போகிறார், சும்மா சொல்வாரா? மேல்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமினார், தண்ணீர் தம்ளரை எடுத்தார். அவை கப்சிப். மலைமொழிக்காரர்கள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கோர்ட்டு சார் தன் மைக்கை அணைத்தார். கோர்ட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லா மைக்கும் அணைந்துவிடும். இங்கே ஆளுக்கொரு சுவிட்ச் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. அவளுடைய மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. அவர் அவள் பக்கம் சாய்ந்து, தன் தாய்மொழியான கரைமொழியில் மெதுவாகச் சொன்னார்:

"நாளையிலேர்ந்து உங்க பக்கத்துல உக்கார எனக்கு ஒரு காரணமும் இல்லை. நெனச்சாலே தாங்கலைங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

பெட்டியக்காவின் கண் அமைச்சர்மேல் இருந்தது. காதில் கரைமொழி விழுந்தது. வாய் திறந்தது.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே," என்றாள் மலைமொழியில். அது வழக்கம், எந்தப் பேச்சுக்கும் முன்னால் தானாக வந்து விழும். "நாளை முதல் தங்கள் அருகில் அமர எனக்கு ஒரு காரணமும் இல்லை. நினைத்தாலே தாங்கவில்லை. என்னைத் திருமணம் செய்துகொள்வீர்களா?"

மலைமொழிப் பாதி அவை அப்படியே நிதியமைச்சரைப் பார்த்தது. அவர் தம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சபாநாயகரும் மலைமொழிக்காரர்தான், வயதானவர், நிதானஸ்தர். அவர் ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நிதியமைச்சரே, எனக்குக் கல்யாணமாகி பேரன் பேத்தியே எடுத்தாச்சு. ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டு உக்காருங்க."

மலைமொழி காதில் விழுந்ததும் கோர்ட்டு சாரின் கை தன்னால் மைக்கைப் போட்டது, வாய் தன்னால் அதைக் கரைமொழியில் சொல்லியது. அவரும் இதே தொழில்காரர்தானே. இப்போது கரைமொழிப் பாதியும் திரும்பிப் பார்த்தது. நிதியமைச்சருக்குப் புரையேறியது.

"நான் எப்பங்க கேட்டேன்? நான் தண்ணிதானே குடிச்சேன்!"

"நான் எப்போது கேட்டேன்? நான் தண்ணீர்தான் குடித்தேன்" என்று பெட்டியக்கா மலைமொழியில் சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. அதற்குள் அவை கொல்லென்று சிரித்துவிட்டது. எதிர்க்கட்சித் தலைவி எழுந்து, "ஒழுங்குப் பிரச்சினை! இந்தக் கல்யாணச் செலவுக்கு பட்ஜெட்டுல வழியிருக்கா?" என்று கேட்டார். அதையும் கோர்ட்டு சார்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அவர் மொழிபெயர்த்துவிட்டு எழுந்து நின்றார். கண்ணாடிக்கு அப்பால் எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. மைக்கைப் பிடித்துக் கரைமொழியில் சொன்னார்: "மன்னிக்கணும். கேட்டது நான். அமைச்சர் இல்லை. சபாநாயகரையும் கேக்கலை. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டேன்."

கரைப்பக்கம் ஆரவாரம். மலைப்பக்கத்தார் ஒன்றும் புரியாமல் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு பெட்டியக்காவையே பார்த்தார்கள். கடமை என்று ஒன்று இருக்கிறதே. "கேட்டது நான்" என்று ஆரம்பித்தாள். "பக்கத்தில் இருப்பவரைக் கேட்டேன்" என்று எப்படியோ முடித்தாள்.

சபாநாயகர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "அம்மா, உங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லுங்க. நாங்க யாரும் எதையும் கேக்கலை, அவைக் குறிப்புலயும் இது ஏறாது. இல்லை, பதில் சொல்லணும்னு தோணினா, சொல்லுங்க. அமைச்சர் கொஞ்சநேரம் நிப்பார்."

திருத்தம் என்னாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதைக் கேட்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. சில வாக்குகள் குறைந்து அது விழுந்தது. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவருவேன் என்றார் அமைச்சர், வாருங்கள் பார்க்கலாம் என்றார் தலைவி. அந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பெட்டியக்காவே பின்னால் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு நாடும் தெரியவில்லை, பட்ஜெட்டும் தெரியவில்லை. தன் பூட்டு தெரிந்தது. நாளைய தன்னை நம்பாமல் சின்ன வயசில் போட்ட பூட்டு. யாரும் சொல்லிக்காட்டக் கூடாதே என்று போட்டது. பக்கத்தில் நிற்கிற இந்த மனுஷர் நேற்று முழுக்க அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார், இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை யாருக்கு எப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்?

அவள் மைக்கை அருகே இழுத்தாள்.

"சபாநாயகர் அவர்களே, இவருக்கு நான் பட்ட கடனை என்னால அடைக்க முடியாது. அடைக்க ஆசையும் இல்லை. இனிமேலும் படலாம்னு இருக்கேன். எனக்குச் சம்மதம்."

மலைமொழியில்தான் சொன்னாள். மலைப்பக்கத்து மேசைகள் அதிர்ந்தன. கிழட்டு உறுப்பினர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். கரைப்பக்கத்து ஹெட்போன்களில் மட்டும் சத்தமே இல்லை. எத்தனையோ கொலையைத் தடங்கலில்லாமல் ஒத்துக்கொண்ட கோர்ட்டு சார் வாயைத் திறந்தபடி நின்றார், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, ஒரு சொல் வரவில்லை.

"என்னய்யா சொன்னாங்க? சொல்லித் தொலைங்களேன்!" என்று கீழேயிருந்து நிதியமைச்சர் கத்தினார்.

பெட்டியக்காவின் கை தன்னால் அவருடைய மைக்கை நோக்கிப் போயிற்று. கரைமொழி அவளுக்கு நன்றாகவே வரும். நேற்று அவள் வாயடைத்து நின்றபோது அவர் பேசினார், இன்று அவருக்காக அவள் பேசிவிட்டால் கணக்கு நேராகிவிடும். கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அவள் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவர் பேசட்டும் என்று காத்திருந்தாள்.